காவல் தூதர் யாருக்கும் ஏவலாள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘உங்கள் ஏஞ்சல் யார்?’ என்று வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். மேலைநாட்டுச் சடங்கு மாந்திரீகத்தில் காவல் தூதரை அழைக்கும் முறை இதுதான் என்று சொல்லி, பிறந்த தேதியை வைத்துத் தூதரின் பெயரைக் கண்டுபிடிப்பது, மெழுகுவத்தி ஏற்றி வேண்டியதைக் கேட்பது, கடிகாரத்தில் 4:44 கண்ணில் பட்டால் அவர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வது எல்லாவற்றையும் அதில் எழுதியிருந்தார்கள். இதற்கெல்லாம் ஆதாரமாக ஆபிரமெலின் நூல் என்ற பழைய மாந்திரீக நூலையும் அலிஸ்டர் குரோலி என்ற ஆங்கில மாந்திரீகரையும் காட்டியிருந்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் இதில் எதுவுமே கிடையாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இடம் போதாது என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

நான் பெரம்பூர்க்காரி. கல்லூரி நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சமயங்களின் வரலாறு பற்றிய அடுக்கு வெகுகாலம் என் பொறுப்பில் இருந்தது. எண் போட்டு அடுக்குகிற புத்தகத்தைப் பிரித்துப் படிக்காமல் வைக்க மனசு வராது. அப்படிப் பழகியதுதான் இந்த விஷயமும். நாங்கள் கத்தோலிக்கர்கள், லூர்து மாதா கோயில் பங்கு. மாந்திரீகத்தை எங்கள் திருச்சபை அனுமதிப்பதில்லை, நானும் அதைச் செய்பவள் இல்லை. ஆனாலும் நாம் ஏற்றுக்கொள்ளாத ஒரு மரபைப் பற்றிப் பேசும்போதும் அதில் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். இல்லாததைச் சொன்னால் அது அந்த மரபுக்கும் அநியாயம், அதை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கும் அநியாயம்.

முதலில் அந்த நூலைப் பற்றி. அதை எழுதியவர் ஆபிரமெலின் இல்லை. ஜெர்மனியில் வோர்ம்ஸ் நகரத்து யூதரான ஆபிரகாம் என்பவர், தம் இளைய மகன் லாமேக்குக்கு எழுதி வைத்தது என்றுதான் நூல் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதில் குறித்திருக்கும் ஆண்டு 1458. கிடைத்திருக்கும் ஜெர்மன் கையெழுத்துப் பிரதிகளில் பழையவை 1600களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஆபிரகாம் என்ற ஒருவர் உண்மையில் இருந்தாரா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதைப்படி, ஞானம் தேடி ஊர் ஊராக அலைந்த அவர், கடைசியில் எகிப்தில் அராக்கி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவரைச் சந்திக்கிறார். அந்த முதியவர்தான் ஆபிரமெலின். கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் அவர் கேட்பது பத்துப் பொற்காசுகள். அதுவும் தமக்கு இல்லை. ஆபிரமெலினே தம் கையால் 72 ஏழைகளுக்கு அதைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும், அவர்கள் அதற்காகச் சங்கீதங்களைச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையின் அடியில் இரண்டு நாள் வகுப்புக்கான கட்டணம் அச்சாகியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த இரண்டு நாளுக்கு வருகிறேன். இந்த நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் மாத்தர்ஸ். லண்டனில் 1888இல் தொடங்கிய கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். பாரிஸில் ஆர்சனல் நூலகத்தில் இருந்த பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்து அவர் மொழிபெயர்த்தார். அந்தப் பிரதிப்படி தூதரின் அறிமுகத்துக்கு ஆகும் காலம் ஆறு மாதம். ஜெர்மன் பிரதிகளில் அது பதினெட்டு மாதம். ஈஸ்டர் அல்லது பாஸ்கா திருநாளை ஒட்டித் தொடங்க வேண்டும். விடிவதற்கு முன் குளித்து, ஜெப அறைக்குள் போய், மண்டியிட்டுத் தன் பாவங்களை அறிக்கையிட வேண்டும். மாலையிலும் அப்படியே. மாதங்கள் போகப் போக ஜெபமும் கூடும், ஊரோடு பேச்சு குறையும். தினமும் வேதத்தை வாசிக்க வேண்டும், தர்மம் செய்ய வேண்டும். கோபம் கூடாது, வீண்பேச்சு கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும் என்பது வரை ஆபிரகாம் எழுதியிருக்கிறார். ஜெப அறையை ஒட்டிய மாடத்தில் ஆற்று மணலைச் சுத்தம் செய்து பரப்ப வேண்டும். வெள்ளை லினன் அங்கி, வாதுமைக் கோல், வெள்ளைப்போளமும் இலவங்கப்பட்டையும் சேர்ந்த எண்ணெய், குந்திரிக்கப் புகை. முடிவில் ஆறேழு வயதுக் குழந்தை ஒன்று உள்ளே வர வேண்டும். தூதர் வந்துவிட்டதை முதலில் காண்பது அந்தக் குழந்தைதான், சாதகர் இல்லை. பீடத்தில் வைத்த வெள்ளித் தகட்டில் தூதர் எழுதிக் காட்டுவதைக் குழந்தை பார்த்துச் சொல்லும்.

இவ்வளவு பாடுபட்ட மனிதன் அப்போது தூதரிடம் என்ன கேட்கிறான்? வீடு, வேலை, கல்யாணம் எதையும் இல்லை. இனி நான் எப்படி நடக்க வேண்டும் என்று கேட்கிறான். அதன்பிறகு அவர் சொல்வதை அவன் மீறக் கூடாது. உங்கள் கட்டுரை முழுக்க மனிதர் கேட்கிறார், தூதர் செய்து கொடுக்கிறார். நூலில் தூதர் சொல்கிறார், மனிதர் செய்கிறார். முழுசாகத் தலைகீழ்! மற்றத் தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

நூலில் ஆசைகளுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைசிப் பகுதி முழுக்க எழுத்துச் சதுரங்கள்தான். புதையல் காண, பறக்க, கண்ணுக்குத் தெரியாமல் போக, நோய் தீர்க்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுரம். நூலை வாங்குகிறவர்களில் பலர் நேராக அங்கேதான் போகிறார்கள். ஆனால் தூதர் வந்து, அவர் துணையோடு தீய ஆவிகளை அழைத்து, லூசிபர், லெவியத்தான், சாத்தான், பெலியால் என்ற நான்கு தலைவர்களையும் சத்தியத்தால் கட்டிய பிறகுதான் அந்தச் சதுரங்களுக்கு வர முடியும். அப்போதும் தூதர் அனுமதித்தால்தான். முன்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கங்களை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் கைப்பேசியின் முகப்புப் படமாகவே அதில் ஒன்றை வைத்திருக்கிறான், வேலை கிடைக்குமாம்.

சரி, பிறந்த தேதிக் கணக்கு எங்கிருந்து வந்தது? அது வேறொரு மரபு. பைபிளில் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தில் 19, 20, 21 ஆகிய மூன்று வசனங்களுக்கும் எபிரேயத்தில் தலைக்கு 72 எழுத்துகள். அவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்தால் 72 பெயர்கள் கிடைக்கும். கபாலா என்னும் யூத மறைஞான மரபில் அவை இறைவனின் திருப்பெயர்கள். பின்னால் வந்த கிறிஸ்தவக் கபாலாக்காரர்கள் அவற்றைத் தூதர்களின் பெயர்களாக ஆக்கி, ராசி மண்டலத்தின் 360 பாகைகளை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பாகை ஐந்து என்றால் சுமாராக ஐந்து நாள். அதிலிருந்துதான் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பிறந்தவர்களுக்கு இந்தத் தூதர்’ என்ற அட்டவணை. ஜாதகத்தைக் கொண்டு ஒருவருடைய காவல் ஆவியின் பெயரைக் கணக்கிடும் வழிகளை 1533இல் முழுமையாக அச்சான தம் நூலில் ஜெர்மன் மாந்திரீக அறிஞர் அக்ரிப்பாவும் சொல்லியிருக்கிறார். ஆக, அது பழைய விஷயம்தான், யாரும் நேற்றுக் கட்டிவிட்டது இல்லை. ஆனால் ஆபிரகாம் இதற்கு எதிர்க்கட்சி. நாளும் கோளும் ஹோரையும் பார்த்து மந்திரம் செய்கிறவர்களை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அட்டவணையை நீட்டுவது எந்த வகையில் நியாயம்?

எங்கள் திருச்சபையின் பெயரையும் கட்டுரை இழுத்திருக்கிறது, ‘கிறிஸ்தவர்களும் இதையே நம்புகிறார்கள்’ என்று. இல்லை. எங்கள் பாட்டிமார் காலையில் எழுந்ததும் காவல் சம்மனசை வேண்டிக்கொள்வார்கள், அக்டோபர் 2 காவல் தூதர்களின் திருநாள். அந்த வேண்டுதலுக்குப் பெயரோ தேதியோ வேண்டியதில்லை. பிறக்கிற ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் உண்டு. மிக்கேல், கபிரியேல், ரபேல் ஆகிய மூவரைத் தவிரத் தூதர்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தை ஊக்குவிக்க வேண்டாம் என்று மக்கள் பக்தி பற்றி வத்திக்கான் 2001இல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் பங்கிலேயே சிலர், ஆபிரமெலின் என்ற பெயரைக் கேட்டதும் பேய் வழிபாடு என்கிறார்கள். அதுவும் சரியில்லை. ஆறு மாதமும் ஜெபம் ஒரே கடவுளை நோக்கித்தான் நடக்கிறது. தீய ஆவிகள் வருவது வழிபாடு பெறுவதற்கு இல்லை, பணிந்து போவதற்கு. அப்படி அழைப்பதே தவறு என்று திருச்சபை சொல்கிறது, நானும் அப்படியே நினைக்கிறேன். அதற்காக, செய்கிறவர் சாத்தானைக் கும்பிடுகிறார் என்று பொய் சொல்ல வேண்டியதில்லை.

குரோலியைப் பற்றி எழுதாமல் முடியாது. இந்தத் தூதரை இருபதாம் நூற்றாண்டு மாந்திரீகத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். கோல்டன் டான் சங்கத்தில் 1898இல் சேர்ந்தார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் லாக் நெஸ் ஏரிக்கரையில் போல்ஸ்கின் என்ற வீட்டை, இந்தச் சடங்குக்கென்றே வாங்கினார். வீடு வாங்கியும் அங்கே அவரால் முடிக்க முடியவில்லை. 1900இல் சங்கத்துக்குள் சண்டை வெடித்ததும் மாத்தர்ஸுக்குத் துணையாகப் புறப்பட்டுப் போய்விட்டார். பிறகு 1906இல், சீனாவின் குறுக்கே மனைவி குழந்தையோடு பயணம் செய்துகொண்டே, அறையும் பீடமும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே அந்த அழைப்பைத் தொடர்ந்து செய்தார். அந்த ஆண்டின் இறுதிவாக்கில் பலித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்.

‘காவல் தூதர் என்பது உங்கள் உள்மனம்தான் என்றார் குரோலி’ என்று கட்டுரை ஒரே வரியில் தீர்த்துவிட்டது. அவ்வளவு எளிதாகத் தீர்கிற விஷயமா அது? கோல்டன் டான்காரர்கள் பேசியது மனிதனுக்குள்ளேயே மேலே இருக்கும் ஓர் ஆன்ம நிலையைப் பற்றி. குரோலியும் தொடக்கத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தவர்தான். காவல் தூதர் என்ற பெயரை ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்றால், உலகத்தைப் பற்றிய எல்லாக் கொள்கையும் அபத்தம், அப்படியிருக்கக் குழந்தைக்கும் புரிகிற ஒரு பெயர் இருக்கட்டுமே என்கிற மாதிரி ஒரு விளக்கம் கொடுத்தார். ஆனால் முதுமையில், 1940களில் மாணவி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில், தூதர் உன் மேல்மனம் இல்லை, உன்னைப் போலவே தனி இருப்பு உள்ள ஒருவர் என்று அழுத்திச் சொல்கிறார். அவர் 1947இல் இறந்தார். இன்றுவரை அந்த மரபில் உள்ளவர்களே இதில் இரண்டு பட்டுக் கிடக்கிறார்கள். வாசகர்களுக்கு அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு சுவாரசியமாக இருந்திருக்கும்!

தமிழ் நாளிதழ் என்பதால் இன்னொன்றையும் எதிர்பார்த்தேன். குரோலிக்கு மாந்திரீகம் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆலன் பென்னட். ஆஸ்துமாவோடு இலங்கைக்கு வந்த அவர், கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அப்படியே இராமநாதனிடம் யோகமும் கற்றார். நம் மாநிலக் கல்லூரியில் படித்த அதே சர் பொன்னம்பலம் இராமநாதன்தான். அரசு வழக்கறிஞர், சைவர், மத்தேயு நற்செய்திக்கும் யோவான் நற்செய்திக்கும் சைவ யோகியின் பார்வையில் உரை எழுதியவர். 1901இல் குரோலியும் இலங்கைக்கு வந்து சேர, இருவரும் கண்டியில் வீடு எடுத்து ஆசனமும் பிராணாயாமமும் தாரணையும் பழகினார்கள். பென்னட் அடுத்து பர்மாவுக்குப் போய்ப் பௌத்தத் துறவியானார். குரோலியின் பிற்காலப் பயிற்சி முறையில் யோகத்துக்கு இருக்கும் இடம் இந்தக் காலத்திலிருந்து வருவது. இந்த வரலாற்றை விட்டுவிட்டு, ‘இதெல்லாம் நம் அடையாறு பிரம்மஞான சபை உலகத்துக்குத் தந்தது’ என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். சபை அடையாறுக்கு வந்தது 1882இல். கோல்டன் டான்காரர்கள் சிலர் அதிலும் உறுப்பினர்களாக இருந்தார்கள், உண்மைதான். ஆனால் சபை பேசியது மகாத்மாக்களையும் மறுபிறவியையும். ஆபிரமெலின் சடங்கு அங்கிருந்து வந்ததில்லை.

பாடிகாட் முனீஸ்வரனோடு ஒப்பிட்டதும் எனக்கு ஒட்டவில்லை. பல்லவன் சாலையில் புது வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போகிறவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். என் தம்பி மகனே வண்டி எடுத்ததும் முதலில் அங்கேதான் போனான். முனீஸ்வரன் வழியையும் எல்லையையும் காக்கிற தெய்வம், வருகிறவர் எல்லோருக்கும் பொது. ஆபிரமெலின் தூதர் ஒருவருக்கு மட்டும் உரியவர், விபத்தைத் தடுப்பது அவர் வேலையாகச் சொல்லப்படவே இல்லை. நம் பக்கத்தில் ஏதாவது ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், குருவிடம் உபதேசம் வாங்கி வருஷக்கணக்கில் செய்கிற மந்திர உபாசனையைச் சொல்லலாம்.

கிரேக்கர்களிடமும் இந்த எண்ணம் உண்டு. சாக்ரடீஸ் தமக்குள் சிறுவயது முதல் ஒரு குரல் கேட்டதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். அந்தக் குரல் தவறான காரியத்தைத் தடுக்கும், இதைச் செய் என்று ஒருபோதும் தூண்டாது. ரோமில் இருந்த ஞானி புளோட்டினஸின் காவல் ஆவியை ஓர் எகிப்தியப் பூசாரி ஐசிஸ் கோயிலில் அழைத்தார் என்று அவருடைய சீடர் போர்பிரி எழுதியிருக்கிறார். ஆவி வரும் என்று பார்த்தால் ஒரு தேவனே வந்து நின்றாராம். ஆனால் பாதுகாப்புக்காகப் பறவைகளைக் கையில் பிடித்திருந்த நண்பர், பயத்திலோ பொறாமையிலோ அவற்றை நெரித்துவிட, ஒரு கேள்வி கூடக் கேட்க முடியாமல் காட்சி மறைந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் கடிகார எண்ணில் சம்மதம் சொல்லும் தூதர் இந்தப் பழைய கதைகள் எதிலும் இல்லை.

இனி, நான் பேனாவை எடுத்ததற்கு உண்மையான காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். ஒரே மகன், இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டான். அழுது ஓய்ந்த நேரத்தில் யாரோ அவரை இப்படிப்பட்ட ஒரு வகுப்புக்குக் கூட்டிப் போனார்கள். எந்த வகுப்பு என்று இங்கே எழுதப் போவதில்லை. அங்கே அவரிடம், ‘ஒவ்வொருவருக்கும் தூதர் உண்டு, ஆனால் அழைத்தால்தான் வருவார், உங்கள் மகனுக்காக நீங்கள் அழைக்கவில்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நிலை வகுப்புக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மா இப்போது ராத்திரி தூங்குவதில்லை. ‘எனக்குத் தெரியாமப் போச்சே டீச்சர், தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேனே’ என்று என்னிடம் அழுகிறார். நூலகத்தில் இருந்தவள் என்பதால் எங்கள் தெருவில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவருக்கு நான் என்ன சொன்னேனோ அதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்கிறேன். எந்த மரபிலும் இப்படி ஒரு போதனை இல்லை. ஆபிரகாமின் நூலில் இல்லை, குரோலியிடம் இல்லை, அக்ரிப்பாவின் கணக்கில் இல்லை, திருச்சபையில் நிச்சயமாக இல்லை. ‘உன் கால் கல்லில் மோதாதபடி அவர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள்’ என்ற சங்கீத வரியை இந்த வகுப்புக்காரர்கள் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நற்செய்தியில் அந்த வரியை எடுத்துச் சொல்கிறவன் யார் தெரியுமா? சோதிக்கிறவன். ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, இப்படி எழுதியிருக்கிறதே, குதித்துப் பார் என்கிறான். அவர் குதிக்கவில்லை, கடவுளைச் சோதிக்காதே என்றார். தூதர் காப்பார் என்பது ஒரு நம்பிக்கை. காக்காவிட்டால் அது உன் குற்றம் என்று செத்தவனின் தாயிடம் சொல்வது கொடுமை.

உங்கள் கட்டுரையாளர் இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்க மாட்டார். இணையத்தில் கிடைத்ததைத் தொகுத்திருப்பார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கேட்பது இரண்டு. கட்டுரையில் உள்ள தகவல் பிழைகளுக்கு, குறிப்பாக ஆபிரமெலின் நூலையும் திருச்சபையையும் பற்றியவற்றுக்கு, அதே இணைப்பில் திருத்தம் போடுங்கள். அடுத்து, உங்கள் இணையப் பதிப்பில் இந்தக் கட்டுரை இன்னும் இருக்கிறது, அதன் கடைசி வரியில் அந்த வகுப்பின் கைப்பேசி எண்ணும் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். துக்கத்தில் இருக்கிறவர்கள் படிக்கிற பக்கம் அது. எண் ஒன்று அங்கே கட்டாயம் வேண்டுமென்றால், அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, பகலோ இரவோ எப்போது கூப்பிட்டாலும் தமிழில் பேசலாம், கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
பெரம்பூர், சென்னை - 11